நீக்கு பொத்தானுக்கு இரண்டு பேர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பிளகின் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே பிளகின் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் பிளகின். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. செய்கிற வேலையால் வந்த பெயர்.

முதியோர் இல்லங்களுக்கென்று ஒரு பெரிய மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர்கள் எங்கோ தொலைவில் இருந்தார்கள். ஒவ்வோர் இல்லமும் தன் தேவைக்கு ஏற்றபடி சின்னச் சின்னத் துண்டுகளை அதில் செருகிக்கொள்ளலாம். சமையலறைக்கு ஒரு துண்டு, மருந்தகத்துக்கு ஒன்று, சலவைக்கு ஒன்று. அந்தத் துண்டுகளுக்குத்தான் பிளகின் என்று பெயர். அவற்றை எழுதுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை.

நாலாம் மாடியில் ஜன்னலோரம் அவர் மேஜை. மற்ற மேஜைகள் காலி. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். அவரும் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டிலும் பேச ஆள் கிடையாது. இங்கே வந்தால் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தமாவது கேட்கும். அதனால் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

ஊரின் கடைசி பஸ் நிறுத்தத்தில் இருந்த ஓர் இல்லத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து வரும் செய்திகளின் அடியில் பெயர் இருக்காது, 'கீழ்த்தளம்' என்று மட்டும் இருக்கும். "பிரிண்டர் சரியாகிவிட்டது. நன்றி. கீழ்த்தளம்." அதற்கு இவர், "பார்த்துவிட்டேன். நாலாம் மாடி" என்று பதில் போடுவார். முதலில் விளையாட்டாகத்தான் அப்படிப் போட்டார், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பல வருடப் பழக்கம், ஆனால் ஒரு தடவைகூடக் குரல் கேட்டதில்லை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும், கொஞ்சம் தொப்பை வைத்த ஒரு மனிதரை அவராகவே கற்பனை செய்து வைத்திருந்தார்.

அன்றைக்கு வந்த செய்தி கீழ்த்தளத்திடமிருந்து அல்ல. இல்லத்தின் மேலாளரே எழுதியிருந்தார். இரண்டாம் மாடியில் யாரும் நீக்கு கட்டளையைப் பயன்படுத்துவதில்லை, அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று இரண்டே வரி. பிளகினுக்குப் புரியவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மாலையில் எல்லோருக்கும் பின்னால் போகிறவர். மேஜையில் குடும்பப் படம் எதுவும் இல்லை.

"இங்க ஒருத்தர் தவறிட்டா, லிஸ்ட்ல அவங்க பேர நீக்கணும் சார். நீக்கினாத்தான் சமையலறைக்கும் மருந்தகத்துக்கும் தகவல் போகும். எங்க மாடி சிஸ்டர் நீக்க மாட்டேங்கறாங்க. போன மாசம் ஒரு அம்மா போயிட்டாங்க. அவங்க பொண்ணு துணிமணி எடுக்க வந்திருக்கு. அம்மாவோட கட்டில்ல உக்காந்திருக்கறப்போ, அம்மா பேர் ஒட்டின தட்டு வருது, காலைச் சாப்பாடு. அந்தப் பொண்ணு அழுத அழுகை இந்த ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"சிஸ்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. மனசு வரலையாம். மனசு இருக்க வேண்டியதுதான். ஆனா அந்த மனசால இன்னொருத்தர் வீட்டுப் பொண்ணு அழக் கூடாதில்ல? இன்னொரு தட்டு இப்படிப் போச்சுன்னா, அவங்கள மாடியிலேர்ந்து மாத்தி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவேன். சொல்லிட்டேன்."

இரண்டாம் மாடியில், தாழ்வாரம் திரும்பும் இடத்தில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும். அதன் முன்னால் தலை நரைத்த ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அந்த மாடி முழுக்க அவர் பொறுப்பு என்பதால் அவரை மாடி சிஸ்டர் என்றார்கள்.

"நீங்கதான் கம்ப்யூட்டர்காரரா?" என்றார். "திட்டறதா இருந்தா உக்காந்து திட்டுங்க தம்பி. நீங்க நின்னா நானும் நிக்கணும், எனக்கு முட்டி வலி."

"திட்ட வரல சிஸ்டர். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிளகின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சிஸ்டர் திரையைக் காட்டினார். மாடியில் இருப்பவர்களின் பெயர்கள் அறை வரிசைப்படி இருந்தன. நடுவில் ஒரு பெயரின் மேல் அம்புக்குறியை வைத்தார்.

"இப்ப இந்தப் பேர நீக்கணும்னு வச்சுக்கங்க. நீக்கு அழுத்தினா, 'நிச்சயமாக நீக்கவா?'ன்னு கேக்கும். நான் என்னத்த நிச்சயமாச் சொல்றது? சரின்னா பேர் போயிடும். அதோட விடாது. கீழ இருக்கற பேர் சட்டுனு மேல ஏறி அந்த எடத்துல உக்காந்துக்கும். ஆளே இருந்ததில்லங்கற மாதிரி." சிஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இதே கையாலதான் அவங்க கண்ண மூடி விட்டிருப்பேன். அந்தக் கை ஈரம் காயறதுக்குள்ள இத அழுத்துன்னா..."

பக்கத்து ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இல்லத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர் ஐயா.

"என்ன சிஸ்டர், என் பேர் மேலயா கைய வச்சிருக்கீங்க? எடுங்க எடுங்க. சாயங்கால டீ இன்னும் வரல."

"உங்களுக்கு இப்போதைக்கு அந்தக் கவலையே வேண்டாம். டீ வராட்டி நீங்களே கிச்சன் வரைக்கும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிடுவீங்க."

"போவேன். ஹாரன்தான் இல்ல" என்றார் டிரைவர் ஐயா.

மூவரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்துப் பல நாளாயிற்று என்பது பிளகினுக்குத் தன் தொண்டை வறண்டு போனதில்தான் தெரிந்தது.

திரும்பி வந்தவர் நாலாம் மாடி ஜன்னல் அருகே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் கேட்டதைச் செய்வது சுலபம். பெயரை நீக்கும்வரை திரையையே பூட்டி வைத்துவிடலாம். ஆனால் அது சிஸ்டரின் கையைப் பிடித்து அழுத்த வைப்பது போல ஆகும். வேறொரு வழியும் இருந்தது. அந்த மென்பொருளில் கட்டளை என்பது வெறும் அழைப்பு மணிதான். மணி அடித்ததும் எழுந்து போய் வேலையைச் செய்கிற நிரலுக்குக் கையாளி என்று பெயர். நீக்கு என்ற மணிக்கு மென்பொருளோடு கூடப் பிறந்த ஒரு கையாளி உண்டு. வேறு யாரும் இல்லாவிட்டால் அதுதான் எழுந்து போகும். ஆனால் ஒரு பிளகின், 'இந்தத் திரையில் இருக்கும்போது மட்டும் நான் போகிறேன்' என்று கையைத் தூக்கினால், பழைய கையாளி வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளும். மணி அதேதான், பொத்தானும் அதேதான். வருகிற ஆள் மட்டும் வேறு.

இரண்டாம் மாடித் திரைக்கு மட்டும் அப்படி ஓர் ஆளை அவர் எழுதினார். நீக்கு அழுத்தினால் உணவும் மருந்தும் சலவையும் அந்தக் கணமே நிற்கும். பெயர் போகாது. எழுத்து கொஞ்சம் மங்கலாகி அதே வரிசையில் இருக்கும், அந்த அறைக்கு அடுத்தவர் வரும்வரை. கீழே இருக்கும் பெயர் மேலே ஏறாது.

திரையில் வர வேண்டிய வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் 'விடைபெற்றார்' என்று முடித்தார். அதன் கீழே 'நிச்சயமாகவா' என்ற கேள்வி இல்லை. 'ஆகட்டும்' என்று ஒரே ஒரு பொத்தான்.

சோதித்துப் பார்த்தார், வேலை செய்தது. கைகூப்ப வேண்டும் போல் இருந்தது. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். பிறகுதான் பார்க்க யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கைகூப்பினார்.

மேலாளர் கேட்டது இது அல்ல என்பதால் பிளகின் இதைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை. இங்கிருந்தபடியே இல்லத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, சிஸ்டருக்கு மட்டும் போன் செய்தார்.

"இனிமே பயப்படாம அழுத்துங்க சிஸ்டர். பேர் போகாது, அங்கயே இருக்கும்."

மறுமுனையில், "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று மட்டும் கேட்டது.

பிளகினுக்கு உலகில் மிச்சமிருந்த ஒரே சொந்தம் கடல் கடந்து வாழும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். நடந்ததை அவளிடம் சொன்னார்.

"நல்ல காரியம்தான்டா. அங்க கம்ப்யூட்டர் பாக்கறவர்கிட்ட சொல்லிட்டியா?"

"கீழ்த்தளத்துகிட்டயா? சின்ன விஷயம்க்கா. அவரு பாட்டுக்கு வேலையா இருப்பாரு."

"சின்ன விஷயத்தையாவது நாலு பேர்கிட்டச் சொல்லிப் பழகேன். உன் மெஷினுக்குத்தான் வாய் இல்ல. உனக்குமா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

டிரைவர் ஐயா ஒரு மாலை, டீ குடித்து முடித்த பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கோப்பையை மடியிலிருந்து எடுத்தது மாடி சிஸ்டர்தான். கண்ணை மூடி விட்டு, போர்வையைச் சரி செய்து, உறவினருக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பெயரின் மேல் அம்புக்குறியை வைத்து, நீக்கு விசையை அழுத்தினார்.

பெயர் போகவில்லை. கீழே இருந்த பெயர் மேலே ஏறவில்லை. எல்லாம் இருந்தபடியே இருந்தது.

தம்பி சொன்னபடியே செய்துவிட்டார் என்று சிஸ்டருக்குக் கண் கலங்கியது. அந்தக் கலங்கிய கண்ணுக்கு எழுத்து மங்கலாகாமல் இருந்தது எப்படித் தெரியும்? திரையில் ஒரு வாக்கியம் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரையைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை டிரைவர் ஐயாவின் தம்பி வந்தார். அண்ணன் ஓட்டிய அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவரும் கிழவர்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல நான் விசில் அடிக்காம அவன் வண்டிய எடுத்ததே இல்ல சிஸ்டர்" என்றார். "நேத்து எடுத்துட்டான்."

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் கதவு திறந்தது. சமையலறைப் பெண் தட்டோடு நின்றாள். தட்டின் ஓரத்தில் டிரைவர் ஐயாவின் பெயர் ஒட்டியிருந்தது.

சிஸ்டர் பதறினார். "ஐயா, மன்னிச்சிடுங்க... இது வந்திருக்கக் கூடாது... நான் நேத்தே..."

கண்டக்டர் தட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சிஸ்டரின் முகத்தையும் பார்த்தார். மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனின் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"கொடும்மா. காலையில ஒண்ணும் சாப்பிடாமத்தான் வந்தேன். அவன் சாப்பாட்டுல பாதி எப்பவும் எனக்குத்தான்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் துக்கம் விசாரிக்க உள்ளே வந்தார். தட்டில் இருந்த பெயர் அவர் கண்ணில் பட்டது. கண்டக்டர் முந்திக்கொண்டார். "நான்தாங்க கேட்டேன், பசிக்குதுன்னு. அந்தம்மா பாவம், ஓடிப்போய் வாங்கிட்டு வந்தாங்க."

அது பொய்தான். ஆனால் தொண்டையில் சோறு இறங்காத ஒரு நாளில், முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு மனிதர் தட்டைக் காலி செய்துகொண்டே சொன்ன பொய். கடவுள் அதைப் பொய்களோடு சேர்த்திருக்க மாட்டார்.

பொய் நிற்கவில்லை. அடுத்த நிமிடமே மருந்தகத்திலிருந்து டிரைவர் ஐயாவின் காலை மாத்திரைகளும் வந்துவிட்டன.

வெளியே தாழ்வாரத்தில் மேலாளர் தணிந்த குரலில்தான் பேசினார். "சொல்லியிருந்தேன் இல்ல சிஸ்டர்? திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்டோர் ரூம்."

போனில் சிஸ்டர் குற்றம் சொல்லவில்லை. அதுதான் பிளகினுக்குத் தாங்கவில்லை. "நான் சரியாத்தான் அழுத்தினேன் தம்பி. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. எதுக்கும் ஒரு தடவ வந்து பாத்துடுங்களேன். எனக்கப்புறம் வரவங்களுக்காவது உதவும்."

அடுத்த பஸ்ஸில் போனார். மாடிக்கு ஏறாமல் நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினார். சலவை அறையைத் தாண்டி, துணி உலர்த்தும் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்த சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பிளகினின் வயதுதான் இருக்கும். அழுதிருந்தது தெரிந்தது.

"மன்னிக்கணும். இங்க கம்ப்யூட்டர் பாக்கறவரு..."

"நான்தான். நீங்க?"

"நான்... நாலாம் மாடி."

அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "நீங்கதானா அது? நான் ரொம்ப வயசான ஒருத்தர்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நான் உங்களுக்குத் தொப்பை இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க, உக்காருங்க. தப்பு என்னோடது" என்றார் அவர். "சிஸ்டர் பட்ட பாட்டைப் பாத்துட்டு, நானே ஒரு பிளகின் எழுதிப் போட்டேன். மேலாளருக்குத் தெரியாது. என் மெஷின்ல நல்லா வேலை செஞ்சுது. மாடியில ஏன் செய்யலன்னு புரியல."

பிளகின் நாற்காலி நுனிக்கு வந்தார். "எந்தக் கட்டளைக்கு?"

"நீக்கு. ரெண்டாம் மாடித் திரைக்கு மட்டும்."

பிளகின் மாடிக் கம்ப்யூட்டரின் பிழைப் பதிவைத் திறந்தார். நீக்கு கட்டளைக்குச் சம உரிமையோடு இரண்டு கையாளிகள் இருப்பதாகவும், எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது. மணி அடித்தபோது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கியிருந்தார்கள். யாருக்கு முன்னுரிமை என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அது ஒருவரையும் அனுப்பாது, பழைய கையாளியையும் எழுப்பாது. மெனுவில் நீக்கு என்ற சொல் சாம்பல் நிறமாகிவிடும், அவ்வளவுதான். அந்த மெனுவை யாரும் சும்மா திறந்து பார்ப்பதில்லை. அதனால் டிரைவர் ஐயா போகும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

"நானும் ஒண்ணு போட்டிருந்தேன்" என்றார் பிளகின். "உங்ககிட்டச் சொல்லல."

"நானும்தான் சொல்லல."

சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"உங்களோடது என்ன செய்யும்?" என்று கேட்டார் பிளகின்.

அந்தப் பெண் மேஜை ஓரத்திலிருந்த சின்ன ஒலிபெருக்கியைக் காட்டினார். "சாப்பாடு, மருந்து எல்லாம் நிக்கும். அப்புறம் இங்க ஒரு மணி அடிக்கும். மணி கேட்டா நான் எழுந்து மேல போயிடுவேன். வேற ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல சிஸ்டர் தனியா இருக்காங்க. யாராவது பக்கத்துல நிக்கணும்னு தோணுச்சு."

பிளகின் அந்த ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

இருவரும் மேலாளர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னார்கள். சிஸ்டர் அழுத்தியது உண்மை, வேலை செய்யாதது எங்களால் என்றார்கள். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லது செய்யறேன்னு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமலே செஞ்சிருக்கீங்க. உங்க நல்லதுக்கு நடுவுல மாட்டிக்கிட்டது அந்தம்மா." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ண எடுத்துடுங்க. திங்கட்கிழமை காலையில நானே மாடிக்கு வந்து அழுத்திப் பாப்பேன். சரியா வேலை செஞ்சா சிஸ்டர் அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

லிஃப்ட் வரும்வரை இருவரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். "உங்களோடது நல்லா இருக்கு" என்றார் கீழ்த்தளம். "இல்ல, உங்களோடதுதான்" என்றார் நாலாம் மாடி. லிஃப்ட் வந்துவிட்டது. இருவருக்கும் விடைபெறத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசியில யாரோடத எடுத்தீங்க?" என்றாள்.

"என்னோடத. நேத்தே எடுத்துட்டேன். அவங்களோடதுதான் பெரிசு. என்னோடது பேர வச்சுக்கும், அவ்வளவுதான். அவங்களோடது ஒரு ஆளையே அனுப்புது."

"சரி. எடுத்துட்டேன்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

அவர் அடுப்பைக் குறைக்கப் போனார்.

"டேய்!"

"ஞாயித்துக்கிழமைக்கா. அவங்க இருக்க மாட்டாங்க."

"போன வை. இப்பவே அங்க கூப்பிடு. அப்புறமா என்கிட்டப் பேசலாம்."

கீழ்த்தளத்திலிருந்து வந்த ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ஒரு தொலைபேசி எண் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதை ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினார். இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"நாலாம் மாடி பேசறேன். இன்னைக்கு இருப்பீங்கன்னு நெனைக்கல."

"வீட்டுல இருந்து என்ன செய்யறது? இங்க வந்தா டிரையர் சத்தமாவது கேக்குது" என்றது அந்தக் குரல்.

பிளகினுக்குத் தன் லிஃப்ட் சத்தம் நினைவுக்கு வந்தது. பிறகு, "என்னோடத எடுத்துட்டேன்னு சொல்லத்தான்..." என்று தொடங்கினார்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "ஐயையோ. நான் என்னோடத எடுத்துட்டேனே! உங்களோடது இருக்கட்டும்னு. அந்தப் பேர் அங்கயே இருக்கறதுதான் சிஸ்டர் கேட்டது."

அப்படியானால் இந்த நேரத்தில் இரண்டாம் மாடியில் பழைய கையாளி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை மேலாளர் அழுத்தியிருந்தால், 'நிச்சயமாக நீக்கவா?' என்று அதே கேள்வியைக் கேட்டிருக்கும். பெயரை அழித்துவிட்டு, கீழே இருப்பதை மேலே ஏற்றியிருக்கும்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நிற்கவே மாட்டேன் என்ற சிரிப்பு. "நாம ரெண்டு பேரும் ஒரு கதவுக்கு முன்னால நின்னா, ரெண்டு பேருமே உள்ள போக மாட்டோம்" என்றார் கீழ்த்தளம், மூச்சு வாங்க.

போனை வைக்காமலே இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அந்தப் பெண் தன் நிரலை வரி வரியாக வாசிக்க, இவர் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து அடித்தார். அடுப்பில் வைத்திருந்தது தீய்ந்தது. ஒரே பிளகின், ஒரே கையாளி. பெயர் இருக்கும், தட்டு நிற்கும், மணி அடிக்கும். வேலை முடிந்த பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மாடி சிஸ்டர் தன் தண்ணீர்ப் புட்டியையும் ஸ்வெட்டரையும் ஒரு பையில் எடுத்து வைத்துத் தயாராக இருந்தார். பிளகின் பக்கத்தில் நின்றார். கீழ்த்தளம் வேண்டுமென்றே கீழேயே இருந்துவிட்டார்.

சோதனைக்கு ஒரு பெயர் வேண்டும். இருப்பவர்கள் பெயரைத் தொடச் சிஸ்டர் விடமாட்டார் என்று தெரியும். மேலாளர் சற்று யோசித்துவிட்டு, டிரைவர் ஐயா இருந்த அறையின் வரிசையில் தன் பெயரையே அடித்தார். பிறகு நீக்கு விசையை அழுத்தினார்.

அவர் பெயருக்குக் கீழே 'விடைபெற்றார்' என்று வந்தது. அதற்கும் கீழே, 'ஆகட்டும்'.

அவர் விரல் சிறிது நேரம் அசையவில்லை. பிறகு அழுத்தினார். எழுத்து மெல்ல மங்கியது. பெயர் அங்கேயே இருந்தது. மேலும் கீழும் இருந்த பெயர்கள் நகரவில்லை. சமையலறைத் திரைக்கும் மருந்தகத்துக்கும் தகவல் போய்விட்டதாக ஓரத்தில் ஒரு வரி வந்தது. மேலாளர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. லிஃப்டை ஸ்ட்ரெச்சருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அந்த இல்லத்தின் பழக்கம். கீழ்த்தளம் மூச்சு இரைக்க வந்து நின்றார். சோதனைதான் என்று தெரிந்திருந்தும் ஓடி வந்திருந்தார்.

"யாரு சிஸ்டர்? யாரு போனது?"

"நான்தாம்மா" என்றார் மேலாளர்.

யாரும் சிரிக்கவில்லை. மாடி சிஸ்டர் மட்டும் மெல்ல, "உக்காருங்க சார், தண்ணி குடிங்க" என்று தன் புட்டியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மேலாளர் வாங்கிக் குடித்தார்.

"அந்தப் பையப் பிரிச்சு வச்சிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "என் பேர எடுத்துடுங்க. அந்த ரூமுக்கு நாளைக்கு ஒருத்தர் வராரு."

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில், நாலாம் மாடியில் வழக்கம்போல் யாரும் இல்லை. லிஃப்ட்கூட ஓடவில்லை. பிளகினின் மேஜையில் மெல்ல ஒரு மணி ஒலித்தது. இங்கும் ஒன்று அடிக்கும்படி செய்ய முடியுமா என்று கீழ்த்தளத்திடம் அவர்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

திரையில் இருந்தது அவருக்குத் தெரியாத ஒரு பெயர். அந்தப் பெயருக்காகக் கைகூப்பினார். பிறகு போனை எடுத்தார்.

"படிக்கட்டுல இருக்கேன்" என்றது மூச்சு வாங்கும் குரல்.

"சரி. பேச வேண்டாம். நீங்க ஏறுங்க, நான் வைக்கல."

கால்கள் ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. தூரத்தில், "வந்துட்டீங்களா..." என்று மாடி சிஸ்டரின் குரல் உடைந்தது. பிறகு யாரும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிளகின் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.